தறி மிதிக்கு எந்தக் கடிகாரம்

சாம்பார் சாதத்தின் மேல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது பளிச்சென்று பட்டது. தறி கெட்டுப்போகவில்லை. தறியின் எலக்ட்ரானிக் போர்டுக்குள் நேரம் பின்னால் போயிருக்கிறது.

அண்ணன் அப்போதுதான் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடையில் அவனுக்கு வேலை. வண்டியை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்து ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினான். கூடத்தில் அண்ணியின் தறி நின்றது. நின்றது என்றால் நூல் அறுந்தோ கட்டை முறிந்தோ நிற்கவில்லை. அண்ணி மிதியை அழுத்துகிறாள். தலைக்கு மேல் இருக்கிற ஜக்கார்டு பெட்டி, காதில் விழாததுபோல் சும்மா இருக்கிறது.

"வந்துட்டாரு," என்றாள் அண்ணி தறிக் குழிக்குள் இருந்தபடியே. "ஊட்டுக்குள்ள கால் வச்சாரு, தறி நின்னுச்சு. இன்னா ராசிபா இது."

"என்னப் பாத்து வெக்கப்படுது," என்றான் அண்ணன்.

"தறிக்காவது வெக்கம் இருக்குதே. போய் கைய கழுவுங்க."

நாலைந்து நாளாக இதே கதைதான். அண்ணன் வந்தால் தறி நிற்கும். அவன் சாப்பிட்டு, மோர் குடித்து, பல் குத்திக்கொண்டு எழுந்திருக்கும் நேரத்துக்குத் தறி தானாகவே ஓட ஆரம்பிக்கும். போர்டைத் தொட வேண்டாம், ஸ்விட்சை அணைத்துப் போட வேண்டாம். முதல் நாள் சிரித்தோம். அப்புறம் அண்ணி சிரிக்கவில்லை.

அவள் ஏன் சிரிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அண்ணி இத்தனை வருஷமாக அடுத்தவர் போட்ட டிசைனைத்தான் நெய்துகொண்டிருந்தாள். போன மழைக்காலத்தில் அண்ணனுடைய பழைய லேப்டாப்பில் உட்கார்ந்து, வீடியோ பார்த்துப் பார்த்து, டிசைன் வரையக் கற்றுக்கொண்டாள். சொந்தமாக ஒரு சேலைக் கரை வரைந்தாள். மயில் இல்லை, யானை இல்லை, அன்னம் இல்லை. தெருக்குழாயடியில் வரிசை போட்டு வைத்திருக்கும் தண்ணீர்க் குடங்கள். பிளாஸ்டிக் குடங்கள்தான். ஒன்று நிமிர்ந்து, ஒன்று சாய்ந்து, ஒன்று கவிழ்ந்து. ஜரிகையில் அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது.

கூட்டுறவுச் சங்கத்தில் புது டிசைன்களைப் பார்க்கும் கூட்டம் வெள்ளிக்கிழமை. அதற்குள் மாதிரித் துணி ஒன்றை நெய்து கொண்டுபோய்க் காட்ட வேண்டும். எடுத்துக்கொண்டால் குடக் கரை சங்கத்துத் தறிகளில் ஓடும், அதை வரைந்தவள் என்று அண்ணிக்கு ஓர் இடம் கிடைக்கும். இல்லையென்றால் அடுத்த கூட்டம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதுவரை பழையபடி அடுத்தவர் மயிலுக்குக் கண் வைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நான் இந்த வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், காத்திருந்தேன். இன்ஜினியரிங் முடித்தாகிவிட்டது, கேம்பஸில் வேலையும் கிடைத்துவிட்டது. சேரும் தேதியை மட்டும் கம்பெனிக்காரர்கள் தள்ளிக்கொண்டே போனார்கள். சும்மா இருக்க முடியாத ஜாதி நான். லினக்ஸ் கெர்னலின் மூலநிரலை, மற்றவர்கள் வாரப் பத்திரிகை படிப்பதுபோல், வரிசையில்லாமல் புரட்டிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டருக்குள் எல்லா நிரல்களுக்கும் அடியில் உட்கார்ந்து எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுப்பது கெர்னல். அதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி நேரம் பார்க்கும் பகுதி. கெர்னலுக்குள் யார் வேண்டுமானாலும் 'இப்போது மணி என்ன' என்று கேட்கலாம். பதில் சொல்ல ஒன்றல்ல, ஒரு கூட்டமே இருக்கிறது. ஒன்று துல்லியம், ஒன்று வேகம், ஒன்று எங்கே வேண்டுமானாலும் கூப்பிடலாம், ஒன்றைச் சில இடங்களில் கூப்பிடவே கூடாது. மணி கேட்பதில் இவ்வளவு இருக்கிறதா என்று வாயைப் பிளந்துகொண்டு படித்தேன்.

அண்ணியின் ஜக்கார்டு பெட்டிக்குள்ளும் லினக்ஸ்தான். எந்த வரியில், நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களில் எது மேலே எழும்ப வேண்டும் என்று தீர்மானிப்பது அந்தப் பெட்டி. முன்பு ஓட்டை போட்ட அட்டைகள் செய்த வேலையை இப்போது உள்ளங்கை அகல போர்டு ஒன்று செய்கிறது. மிதியை ஒரு தடவை அழுத்தினால் டிசைனில் ஒரு வரி நகரும், கொக்கிகள் நூலைத் தூக்கும், அண்ணி ஊடை நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே வீசுவாள். பெட்டியை விற்றவரிடம் கேட்டு, மிதி சொல்வதைக் கெர்னலுக்குக் கொண்டுபோகும் டிரைவரின் நிரலையும் வாங்கி வைத்திருந்தேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. ஆசை, அவ்வளவுதான்.

அப்பளத்துக்கு வருவோம்.

"அண்ணி," என்றேன். "காலைல பெட்டி ஸ்கிரீன்ல டைம் மாத்துனீங்களா?"

"பின்ன? தெனம் தப்பா காட்டிக்கினு இருக்குது. நான்தான் சரி பண்றேன். உனக்கு ஏது நேரம், நீ கம்ப்யூட்டர்ல ராக்கெட் உட்டுக்கினு இருக்கிறே."

"எதப் பாத்து சரி பண்றீங்க?"

அண்ணி நாடா பிடித்த கையாலேயே சுவரைக் காட்டினாள். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால் ஓடும். அதாவது ஓட வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடம், பஸ், ராகு காலம், எல்லாவற்றுக்கும் அந்தப் பத்து நிமிஷம் ஒரு காப்பு. வீட்டில் எல்லோரும் மனசுக்குள் கழித்துக்கொள்வோம். கழிப்பது என்று யோசித்துக் கழிப்பதில்லை, செருப்பை வாசலில் விடுவதுபோல் பழக்கம். இந்தத் தெருவில் பாதி வீடுகளில் இப்படித்தான். அப்படியொரு வீட்டில், சரியான மணி காட்டும் கருவி வந்தால் அதுதான் தப்பாகத் தெரியும்.

இப்போது கதையை நேராக்கிச் சொல்கிறேன். காலையில் அண்ணன் கடைக்குப் போனதும் அண்ணி பெட்டியின் மணியைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளுகிறாள். தறி ஓடுகிறது. மதியம் அண்ணன் வருகிறான். அவன் போனில் ஹாட்ஸ்பாட் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும், டிசைன் ஃபைல்களைப் பெட்டிக்கு அனுப்ப நான்தான் அப்படி வைக்கச் சொல்லியிருந்தேன். வாசலில் வண்டி நின்றதும் பெட்டி இணையத்தைப் பிடிக்கிறது. இணையம் சரியான மணியைச் சொல்கிறது. பெட்டி தன் மணியைப் பத்து நிமிஷம் பின்னால் இழுத்துக்கொள்கிறது.

அதனால் தறி ஏன் நிற்க வேண்டும்? அதற்குக் காரணம் மிதி. மிதிக்கு அடியில் இருக்கும் ஸ்விட்சை ஒரு தடவை அழுத்தினால் அது ஒரு தடவை சொல்லாது. உலோகம் உலோகத்தில் பட்டுத் துள்ளும். ஒரு மிதிக்கு நாலைந்து துடிப்பு வரும். எல்லாவற்றையும் எண்ணினால் குடத்தின் கழுத்து வரவேண்டிய இடத்தில் வயிறு வந்துவிடும். அதனால் டிரைவரில் ஒரு விதி உண்டு. கடைசியாக ஏற்றுக்கொண்ட மிதியிலிருந்து ஒரு கண்சிமிட்டும் நேரமாவது ஆகியிருந்தால்தான் அடுத்ததை எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் துள்ளல் என்று தள்ளிவிடும். சரியான விதிதான். ஆனால் எழுதியவர் அந்த நேரத்தை ஊர் மணியிலிருந்து, நாம் திருப்பி வைக்கக்கூடிய மணியிலிருந்து, எடுத்திருந்தார். மணி பத்து நிமிஷம் பின்னால் போனதும், கடைசி மிதி 'இனிமேல் நடக்கப்போகிற' ஒன்றாகிவிட்டது. அண்ணி எத்தனை தடவை மிதித்தாலும், 'இன்னும் கண்சிமிட்டும் நேரம் ஆகவில்லையே' என்று தள்ளிக்கொண்டே இருந்தது. ஊர் மணி மறுபடி அந்த இடத்தைத் தாண்டியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது.

நான் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். கையில் சாதம் காய்ந்துவிட்டது.

"அப்ப என் ராசி இல்ல," என்றான் அண்ணன்.

"இருங்க, இன்னும் தீர்ப்பு சொல்லல," என்றாள் அண்ணி. "பாப்பா, நிரூபி பாக்கலாம்."

நிரூபித்தேன். அண்ணனைப் போனோடு தெருமுனை வரை அனுப்பினேன். மணியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, அண்ணியை நாலு மிதி மிதிக்கச் சொல்லி, அண்ணனைக் கையசைத்துக் கூப்பிட்டேன். அவன் உள்ளே வந்தான், தறி நின்றது. அவனைத் திருப்பி அனுப்பிவிட்டு மணியை மறுபடி முன்னால் தள்ளினேன். இந்தத் தடவை ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு வரச் சொன்னேன். வந்தான். தறி ஓடிக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டுக்காரர் தின்பண்டப் பையோடு நின்று, "இன்னாபா, ஊட்டுக்காரம்மா உள்ள சேத்துக்க மாட்டேங்குறாங்களா?" என்று கேட்டார்.

கெர்னலில் இன்னொரு கடிகாரம் இருக்கிறது. போர்டு உயிர் பெற்ற நொடியிலிருந்து முன்னால் மட்டுமே போகும். யார் ஊர் மணியை எப்படித் திருப்பினாலும் அதற்குக் கவலை இல்லை. இப்போது மணி என்ன என்று அதனிடம் கேட்க முடியாது. இதற்கும் அதற்கும் நடுவில் எவ்வளவு ஆனது என்று மட்டும் கேட்கலாம். மிதிக்கு வேண்டியது அதுதானே. டிரைவரில் ஒரு வரியை மாற்றினேன். தீர்ந்தது.

"ஒரு வரிக்காகவா நாலு நாளா இவர திட்டிக்கினு இருந்தேன்?" என்றாள் அண்ணி.

"திட்டினது வீணாப் போகாது," என்றான் அண்ணன். "கணக்குல வச்சுக்கோ."

இதோடு நான் கையை எடுத்திருக்க வேண்டும். அண்ணியின் குடங்கள் வரிசையாக வளர்ந்துகொண்டிருந்தன, வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் ஒரு வரி மாற்றிப் பலித்துவிட்டால் இரண்டாவது வரி அரிக்குமே, அந்த அரிப்பு எனக்கு.

முதலில் வேகத்தைப் பார்த்தேன். முன்னால் மட்டுமே போகிற அந்தக் கடிகாரத்தை ஒவ்வொரு தடவை கேட்கும்போதும், கெர்னல் போர்டில் இருக்கும் ஒரு சில்லிடம், அதாவது சிப்பிடம், போய் எண்ணைப் பார்த்துவிட்டு வருகிறது. எங்கள் போர்டில் அந்தச் சில்லு கொஞ்சம் மந்தம். இதற்குப் பதிலாக மலிவான வழி ஒன்றும் உண்டு. கெர்னல் சீரான இடைவெளியில் நேரத்தை எழுதிப் போட்டுக்கொண்டே இருக்கும், கடைசியாக எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். சில்லு வரை நடக்க வேண்டாம், ஆனால் பதில் கொஞ்சம் பழசாக இருக்கும். மனிதக் காலுக்கு அந்தப் பழசு தாராளம். தங்கம் நிறுக்கிற தராசில் பூசணிக்காய் நிறுக்க வேண்டாமே. இதை அளந்து, எழுதி, ஒப்பிட்டு ஒரு மத்தியானம் முழுக்க சந்தோஷமாகக் கழித்தேன். அண்ணிக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தெரிய நியாயமும் இல்லை.

அப்புறம் இன்னொரு யோசனை வந்தது. பெட்டி வேறு வேலையில் மும்முரமாக இருக்கும்போது மிதி தவறிவிட்டால்? கெர்னலில் ஏதாவது நடந்தால் 'இந்தா, இங்கே பார்' என்று வேலையைக் குறுக்கிட்டுக் கூப்பிடுவதற்கு இன்டரப்ட் என்று பெயர். சாதாரண இன்டரப்டைக் கெர்னல் சில நேரம் 'கொஞ்சம் இரு' என்று வாசலில் நிறுத்தி வைக்கும். எதனாலும் நிறுத்த முடியாத ஒரு வகை இன்டரப்ட் இருக்கிறது. கெர்னல் எந்த வேலையில் இருந்தாலும் அது கதவைத் தட்டாமல் உள்ளே வரும். அண்ணியின் மிதியை அதில் கோத்துவிட்டேன். ராணிக்கு ராணி வாசல் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். எட்டிப் பார்க்கும் மலிவு நேரத்தையும் தூக்கிவிட்டுத் துல்லியமான கடிகாரத்தைத் திரும்ப வைத்தேன், அண்ணியின் கால் தாளத்தை வரைபடமாகப் போட்டுப் பார்க்க ஆசை.

புதன்கிழமை காலை, பெட்டி செத்தது.

இந்தத் தடவை காத்திருந்தும் வரவில்லை. ஸ்கிரீன் உறைந்துபோயிருந்தது. அதைவிட மோசம், உறைந்த நேரத்தில் கொக்கிகளில் பாதி புது வரிக்கு மாறியிருந்தன, பாதி பழைய வரியிலேயே இருந்தன. அண்ணி அதைக் கவனிப்பதற்குள் நாடாவை வீசி, ஊடையை நெருக்கும் பலகையை அடித்துவிட்டாள். குனிந்து பார்த்தவள் நிமிரவில்லை.

"கொடத்துக்கு கழுத்து ஒடிஞ்சிடுச்சு," என்றாள்.

சாய்ந்து நிற்கும் குடம் ஒன்று. கழுத்துக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு கோடு, யாரோ கத்தியால் வெட்டியதுபோல்.

பட்டில் ஊடையைப் பிரிக்கலாம். ஜரிகை ஊடையைப் பிரித்தால் சும்மா போகாது, உரசிய இடத்தில் பளபளப்பு கொஞ்சம் மங்கும். அண்ணி ஊசியை எடுத்துக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தாள்.  

"பாப்பா," என்றாள், கண் ஜரிகையிலேயே இருக்க. "வெள்ளிக்கெழம சங்கத்துக்காரங்க தடவித் தடவிப் பாப்பாங்க. தெரியும் இல்ல?"

"தெரியும் அண்ணி."

"இது இன்னொரு வாட்டி நின்னா இன்னொரு மாதிரித் துணி நெய்ய பாவும் இல்ல, நாளும் இல்ல. உங்க அண்ணன் ராசின்னு சொல்லவும் முடியாது. அவரு கடையில இருக்காரு."

லேப்டாப்பை மடியில் போட்டுக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்தேன். எங்கே தப்பு என்று கெர்னலே எழுதி வைத்திருந்தது. நான் கூப்பிட்ட அந்த நேரம் பார்க்கும் செயல்பாட்டின் மேலேயே, நிறுத்த முடியாத இன்டரப்டுக்குள்ளிருந்து இதைக் கூப்பிடாதே என்கிற பொருளில் ஒரு குறிப்பு. வேகத்துக்கு வேண்டியதைத் தேடித் தேடிப் படித்தவள், பக்கத்திலேயே இருந்ததைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் அன்றைய பலகாரத்தை ஒரு கரும்பலகையில் எழுதி மாட்டுவார்கள். மாஸ்டர் அழித்து எழுதிக்கொண்டிருக்கும்போது பார்த்தால் பாதிப் பொங்கலும் பாதிப் பூரியுமாகத் தெரியும். அதனால் அவர் எழுதிக்கொண்டிருந்தால், முடிக்கும் வரை நின்று மறுபடி படிப்போம். கெர்னலும் நேரத்தை அப்படித்தான் வைத்திருக்கிறது. நேரம் ஒரே எண் அல்ல, சில எண்கள் சேர்ந்தது. எழுதுபவர் எழுதத் தொடங்கும்போது ஓர் அடையாளம் வைக்கிறார், முடித்ததும் மாற்றுகிறார். படிப்பவர் அடையாளத்தைப் பார்த்து, நடுவில் மாட்டிக்கொண்டால் திரும்பப் படிக்கிறார். பூட்டு இல்லை, சாவி இல்லை, படிப்பவருக்கு நல்ல வேகம்.

ஆனால் என் ராணி வாசல் இன்டரப்ட் என்ன செய்தது? கெர்னல் நேரத்தை எழுதிக்கொண்டிருந்த அந்தக் கணத்தில் வந்து, எழுதுகிற கையையே பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டு, 'எழுதி முடிங்க, அப்பத்தான் விடுவேன்' என்று நின்றது. மாஸ்டர் எப்படி எழுதுவார்? கை இந்த ராணியிடம் இருக்கிறது. இவள் எப்படி விடுவாள்? அவர் எழுதவில்லை. அப்புறம் மணி கேட்க வந்தவர்கள் எல்லோரும் பலகைக்கு முன்னால் வரிசையாக நின்றுவிட்டார்கள், கொக்கிகளை மாற்றிக்கொண்டிருந்தவர் உட்பட. குடத்தின் கழுத்து ஒடிந்தது இப்படித்தான்.

எழுதும் கணம் மிகச் சிறியது. சாதாரணமாக அதில் போய் விழ வாய்ப்பு குறைவு. ஆனால் அண்ணி ஒரு நாளில் மிதிக்கிற மிதியும், ஒவ்வொரு மிதிக்கும் வருகிற துள்ளலும் சேர்ந்தால் எப்போதாவது ஒன்று விழத்தான் செய்யும்.

இதற்கும் கெர்னலில் மருந்து இருக்கிறது. இரண்டு பலகை. ஒன்றை அழித்து எழுதும்போது, பார்க்க வருபவர்கள் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம், எந்த இன்டரப்டுக்குள்ளிருந்தும் கூப்பிடலாம், வேகமும் உண்டு. இதற்கு ஒரு விலை இருக்கிறது. அபூர்வமாக, ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகைக்குத் தாவும் நேரத்தில், இப்போது படித்தது முன்பு படித்ததைவிட ஒரு துளி பின்னால் இருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டு நிரல் எழுத வேண்டும்.

எழுதினேன். மளமளவென்று எழுதி முடித்துக் கூடத்துக்கு ஓடினேன்.

"அண்ணி, கண்டுபுடிச்சிட்டேன். இனிமே நிக்காது. ரெண்டு பலகை வச்சு—"

"இரு. இத எங்கியாவது ஓட்டிப் பாத்தியா?"

"இப்பத்தானே எழுதினேன்."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு வச்சிருந்தியே. ஒரு வரி மாத்தினது. அது ரெண்டு நாள் ஓடுச்சு இல்ல?"

"ஓடுச்சு. ஆனா அதுல மிதி வாசல்ல காத்திருக்கும். இதுல—"

"காத்திருக்கட்டும். நானே எத்தன எடத்துல காத்திருக்கேன்." பிரித்த ஜரிகையை விரலில் சுற்றிக்கொண்டாள். "வெள்ளிக்கெழம வரைக்கும் புத்திசாலித்தனம் வேணாம்மா. அத சனிக்கெழமைக்கு எடுத்து வச்சுக்கோ."

எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் கையில் சரியான விடை இருந்தது. ஆனால் சரியான விடைக்கும் ஓட்டிப் பார்த்த விடைக்கும் நடுவில் அண்ணியின் கடைசிப் பாவு இருந்தது. வாதாடிப் பார்த்தேன். அண்ணி நாடாவைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, நான் முடிக்கிற வரைக்கும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானே நிறுத்திக்கொண்டேன். மிதியைச் சாதாரண இன்டரப்டுக்கே கொண்டுவந்தேன். எட்டிப் பார்க்கும் மலிவு நேரத்தை வைத்தேன். அது எப்போதும் முன்னால் போகும், காலுக்குப் போதுமான துல்லியம், அண்ணி ஏற்கெனவே அதில் நெய்தும் இருக்கிறாள். அளப்பதற்காகச் செருகியிருந்த என் விளையாட்டுகள் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். நிரல் பாதியாக இளைத்தது.

வியாழக்கிழமை முழுக்க தறிச் சத்தம். நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன், ஏதோ நான் உட்கார்ந்திருந்தால் ஓடும் என்பதுபோல். அண்ணி இரண்டு தடவை என்னைக் காய் நறுக்கத் துரத்தினாள். கவிழ்ந்த குடம் வந்தது, நிமிர்ந்த குடம் வந்தது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாதிரித் துணியைத் தறியிலிருந்து அறுத்து எடுத்தாள்.

சங்கத்தில் நீள மேஜை. அதற்குப் பின்னால் இரண்டு ஆண்கள், ஒரு பெண். அண்ணி துணியை விரித்தாள். நான் கதவோரம் நின்றேன்.

"இது இன்னாமா, கலசமா?" என்றார் மூக்குக்கண்ணாடி போட்டவர்.

"இல்லீங்க. தண்ணிக் கொடம். பிளாஸ்டிக்கு."

ஒரு நொடி மூன்று பேரும் துணியையே பார்த்தார்கள். அந்தப் பெண்தான் முதலில் சிரித்தார். "ஆமாய்யா, இதோ கவுந்து கெடக்குது பாருங்க. லாரி வரலன்னு அர்த்தம்." அப்புறம் எல்லோரும் குனிந்து எந்தக் குடம் யார் வீட்டுக் குடம் என்கிற ரீதியில் பேச ஆரம்பித்தார்கள். அண்ணி துணியின் மூலையை நீவிவிட்டாள்.

கண்ணாடிக்காரர் மட்டும் விரலைக் கரையோரமாகவே ஓட்டிக்கொண்டு வந்தார். சாய்ந்த குடத்தின் கழுத்தில் விரல் நின்றது.

"இங்க பிரிச்சிருக்குது."

"ஆமாங்க," என்றாள் அண்ணி. "பொட்டி நின்னுச்சு. பிரிச்சு நெய்ஞ்சேன்."

நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் பக்கம் திரும்பாமலே பின்னால் கையை அசைத்தாள், சும்மா இரு என்று.

அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். டிசைன் பிடித்திருக்கிறது, அதில் பேச்சே இல்லை. ஆனால் சங்கத்துத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் வேண்டும். பிரிக்காத சுத்தமான துணி ஒன்று. அதோடு, இதே கரை வேறொரு தறியிலும் இதே மாதிரி வருகிறது என்று இன்னொரு துணி. பாவு அவர்களே தருவார்கள்.

"ரெண்டும் பக்கத்துல வச்சா வித்தியாசம் தெரியக் கூடாது. அடுத்த கூட்டத்துக்குக் கொண்டாமா. அது வரைக்கும் உன் டிசைன எடுத்து வைக்கிறோம்."

வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம். அண்ணி பாதி டம்ளரைக் காலி செய்தாள்.

"வேணாம்னு சொல்லல," என்றாள்.

"சொல்லல."

"ரெண்டாவது தறி எங்க அம்மா ஊட்டுல இருக்குது, ஐயம்பேட்டையில. என் தங்கச்சி ஓட்டுறா. அதே பொட்டி, அதே ஆளு வித்தது." என்னைப் பார்த்தாள். "அங்கியும் கடியாரம் முன்னாடிதான் ஓடும்."

"அப்ப அங்கியும் அதே தப்பு வரி இருக்கும்."

"அவ என்ன மாதிரி இல்ல. ஒரே மூச்சா வேகமா மிதிப்பா. நீ மாத்தின வரி தாங்குமா?"

நேர்மையாகச் சொன்னால் எனக்குத் தெரியவில்லை. வேகமாக மிதித்தால் மிதிக்கும் மிதிக்கும் நடுவில் இடைவெளி குறையும், எட்டிப் பார்க்கும் நேரத்தின் பழசு அங்கே உறுத்தலாம். துள்ளல் எது, மிதி எது என்று பிரிக்கத் துல்லியமான நேரம் வேண்டியிருக்கலாம். மிதி வாசலில் காத்திருந்தால் தவறிவிடும் என்று ராணி வாசலும் மறுபடி வேண்டியிருக்கலாம். சில்லு வரை நடந்து, யார் கையையும் பிடித்து நிறுத்தாமல் மணி கேட்க வேண்டியிருக்கலாம். இரண்டு பலகைக்கு இப்போதுதான் உண்மையான வேலை வந்திருக்கிறது. ஆனால் இந்தத் தடவை அது துணியைத் தொடுவதற்கு முன்னால் ஓட வேண்டும்.

"தெரியல அண்ணி. பாத்துட்டு சொல்றேன்."

"அப்பா, தெரியலன்னு சொல்ல உனக்கும் வருது," என்று மீதிச் சாற்றைக் குடித்தாள்.

வாலாஜாபாத்தில் பழைய வண்டிச் சாமான் விற்கிற கடை ஒன்று அண்ணனுக்குத் தெரியும். கார் கண்ணாடி துடைக்கும் மோட்டார் ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். அமாவாசை அன்று எங்கள் தெருவில் தறி ஓடாது, பெட்டி முழு நாளும் எனக்குத்தான். மோட்டாரின் கைக்கு ஒரு மரத்துண்டைக் கட்டி, மிதி ஸ்விட்சின் மேல் வைத்து, தங்கச்சியின் கால் போகும் வேகத்துக்கும் மேலே காலையிலிருந்து மிதிக்கவிடப்போகிறேன். முதலில் என்னுடைய தப்பான நிரலைப் போட்டு, அது உறைகிறதா என்று பார்க்க வேண்டும். உறையவில்லையென்றால் என் விளக்கமே தப்பு, மறுபடி வாசல் படி. உறைந்தால், அதே மோட்டார், அதே வேகத்தில், இரண்டு பலகை. நேரம் ஒரு துளி பின்னால் போகிற இடத்தில் என் நிரல் என்ன செய்கிறது என்பதையும் வேண்டுமென்றே பின்னால் தள்ளிப் பார்த்துக்கொள்வேன். சாயங்காலம் வரை தாங்கினால், மறுநாள் ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டை. அங்கே முதலில் வெறும் பருத்தி நூலில் ஒரு குடம் மட்டும் நெய்து பார்ப்பது என்று அண்ணி சொல்லிவிட்டாள். நிமிர்ந்த குடமா, சாய்ந்த குடமா என்று கேட்டேன். சாய்ந்ததையே போடச் சொன்னாள்.